காப்பகத்தில் சேர்ந்த பூனைக் கருவாடு

தொழிலில் ஒரு தடவைகூட நட்டம் வராதது பெரிய குறை என்பது வனஜாவுக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. சொன்னவர்கள் படித்தவர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னார்கள். அதனால் அவள் நம்பினாள்.

புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய குப்பம் ஒன்றில் அவள் வீடு. கணவன் சம்மந்தம் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். சில வருடங்களுக்கு முன்பு பக்கத்து ரிசார்ட்டில் தங்க வந்த பெங்களூரு அம்மாள் ஒருத்தி தன் பூனையையும் கூட்டி வந்திருந்தாள். டப்பாவில் வருவதைத் தவிர வேறெதையும் தொடாத பூனை. கோழித் தீனிக்காக உப்புப் போடாமல் வனஜா காயவைத்திருந்த நெத்திலியை அது ஒரு நாள் தின்று பார்த்தது. அதன் பிறகு ரிசார்ட்டுக்குத் திரும்ப மறுத்தது. ஊர் போய்ச் சேர்ந்த அம்மாள் இரண்டு கிலோ அனுப்பச் சொல்லி ஃபோன் செய்தாள். அப்புறம் அவளுடைய தோழிகள் கேட்டார்கள். வனஜா செல்ஃபோனில் வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். கடைக்குப் ‘பூனைக் கருவாடு’ என்று பெயர் வைத்தாள். பூனையைக் காயவைத்து விற்கிறாயா என்று திட்டுவதற்காக ஏராளமானவர்கள் வந்தார்கள். அவர்களில் பூனை வளர்ப்பவர்கள் ஆளுக்கு அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

எதிர்வீட்டு வேலம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் அவளோடு வேலைக்குச் சேர்ந்தார்கள். மீனை அலசுவது, வலைமேல் பரப்புவது, தலை கிள்ளுவது, பாக்கெட் போட்டு ஒட்டுவது. வாடை அடிக்கிறது என்று பக்கத்துக் கூரியர்காரர்கள் வாங்க மறுத்ததால், வில்லியனூரில் இருந்த ஒரு கடைக்கு மூட்டையோடு பஸ் ஏறிப் போவாள். குறை ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மீன் காயாது. மழை விடும்வரை பெங்களூருப் பூனைகள் பட்டினி. குப்பத்தில் அந்த மூன்று பெண்களின் வீட்டிலும் ஏறக்குறைய அதே நிலைமைதான்.

அந்தக் கூரியர் கடையில்தான் முனைவர் கலைவேந்தன் அவளைக் கண்டுபிடித்தார். ‘கண்டுபிடித்தேன்’ என்பது பிற்பாடு மேடைகளில் அவரே சொன்ன வார்த்தை.

வில்லியனூர் சாலையில் இருந்த ஸ்ரீ ஞானவாரிதி பொறியியல் கல்லூரியில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களை வளர்த்துவிடும் பிரிவு ஒன்று உண்டு. அதன் இயக்குநர் அவர். வாசல் பலகையில் தமிழில் ‘தொழில் வளர் காப்பகம்’ என்று எழுதியிருக்கும். உள்ளே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள், சுவரெல்லாம் கண்ணாடி, வரவேற்பில் ஒரு ரோபோ. திறப்பு விழாவன்று ரோபோ அமைச்சருக்குக் கைகூப்பியது. அதன் பிறகு கையைப் பிரிக்கவே இல்லை. அங்கே தொழில் தொடங்கிய மாணவர்கள் அத்தனை பேரும் சென்னையில் சம்பளத்துக்குப் போய்விட்டார்கள். மார்கழியில் தரமதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. இங்கே உருவாகி, இன்றைக்கும் ஓடுகிற தொழில் ஒன்றைக் காட்டுங்கள் என்று குழு நிச்சயம் கேட்கும். காட்டுவதற்கு ரோபோவைத் தவிர ஒன்றும் இல்லாத நிலையில், கூரியர் கடை வரிசையில் தனக்கு முன்னால் ஒரு பெண் புனேவுக்கும் ஹைதராபாத்துக்கும் பார்சல்களை அடுக்குவதைக் கலைவேந்தன் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நெருங்கினார்.

“இதெல்லாம் உங்க ஆர்டரா மேடம்? ஆன்லைனா?”

“ஆமா சார்.”

“உங்களை யாராவது வளர்த்து விடறாங்களா?”

“எங்க ஆத்தாவும் அப்பாவும்தான் சார் வளத்தாங்க.”

“குட். அப்ப ஃப்ரீயாத்தான் இருக்கீங்க” என்று கலைவேந்தன் விசிட்டிங் கார்டை நீட்டினார்.

மறுவாரமே கார் குப்பத்துக்கு வந்தது. ஒரு சால்வை போர்த்தினார்கள். மழையிலும் மீன் காயும்படியாக சோலார் டிரையர் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். வனஜாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. அவர்கள் போன பிறகு கணவனிடம் சொன்னாள்.

“காப்பகமா?” என்றான் சம்மந்தம். “நாதியத்தவங்களத்தான அங்க சேப்பாங்க?”

“டிரையர் தராங்களாம்யா.”

“அப்ப சேந்துக்க.”

முதல் வகுப்பை நடத்தியவர் அரிகரன். காப்பகத்தின் வழிகாட்டி. மூன்று கம்பெனி ஆரம்பித்து மூன்றையும் மூடியவர். அதைத் தன் கார்டிலேயே அச்சடித்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் சுகன்யா லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். வனஜா மூட்டை நாற்காலியில் புதைந்து, புடவையை இழுத்து முழங்காலை மூடப் போராடிக்கொண்டிருந்தாள்.

“உங்க பர்ன் ரேட் என்ன மேடம்?”

“நாங்க எதையும் எரிக்கறதில்ல சார். வெயில்லதான் காய வெக்கறோம்.”

“அதில்ல. மாசம் எவ்வளவு லாஸ்?”

“லாஸ் இல்ல சார்.”

“ஸ்டார்ட் பண்ணினப்ப?”

“அப்பவும் இல்லியே சார்.”

அரிகரன் பேனாவைக் கீழே வைத்தார். நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் உறவினர்களைப் பார்ப்பதுபோல் சுகன்யாவைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்:

“மேடம், ஸ்டார்ட்அப்னா ஒருத்தர் காசை வாங்கி, அது தீர்றதுக்குள்ள இன்னொருத்தர் காசை வாங்கறது. நடுவுல பொருளை வித்துக்கிட்டிருந்தா கவனம் செதறிடும். என்னையே எடுத்துக்கங்க. மூணு கம்பெனி. மூணுலயும் ஒரு பொருள்கூட நான் வித்ததில்லை. இன்னைக்கு எத்தனை காலேஜுக்கு மென்டர் தெரியுமா?”

வனஜாவுக்குத் தெரியவில்லை. ஆனால் தன்னிடம் ஏதோ பெரிய தப்பு இருப்பது புரிந்தது. வாரத்தில் மூன்று நாள் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். வந்தாள். வகுப்புள்ள நாட்களில் பார்சல் கட்ட முடியவில்லை. குப்பத்தில் வேலம்மாள் மீனைக் காயவைத்துவிட்டு, யாருக்கு எவ்வளவு என்று தெரியாமல் காக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் வனஜா ஒரு பை நிறையச் சரக்கைக் காட்டுவதற்காக எடுத்துப் போனாள். சுகன்யா வாசலிலேயே தடுத்தாள்.

“மேடம், ப்ராடக்ட்டை ஸ்கூட்டர் ஸ்டாண்டுல வெச்சிட்டு வாங்க. உள்ள சென்ட்ரலைஸ்டு ஏசி. ஒரு ரூம்ல வாடை வந்தா பிரின்சிபால் ரூம் வரைக்கும் போவும்.”

ஆகவே காப்பகத்தின் கண்ணாடி அலமாரியில், பஞ்சு அடைத்த பாக்கெட்டுகள் வைக்கப்பட்டன. பக்கத்தில் ஒரு பீங்கான் பூனை. அது ஜப்பான் பூனை. ஒரு கையை ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்த அறையில் ஓய்வில்லாமல் வேலை செய்த ஒரே ஜீவன் அதுதான்.

அடுத்ததாகக் கடையின் பெயர் சரியில்லை என்று முடிவானது. ‘பூனைக் கருவாடு’ என்ற பெயரை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போக முடியாதாம். சிங்கப்பூரில் யாரும் கேட்கவில்லையே என்றாள் வனஜா. கேட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார் அரிகரன். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார்கள். விளம்பரப் பிரிவில் இருந்த மாணவன் ஒருவன் பக்கத்தின் பெயரை ‘ஓஷனா ஃபெலைன் வெல்னஸ்’ என்று மாற்றினான். வலைமேல் காயும் மீன் படங்களை எல்லாம் அழித்துவிட்டு, நீல நிறத்தில் ஓர் அலையை வைத்தான். ‘என் பூனைக்கு ஒரு கிலோ வேணும்’ என்று கேட்டவர்களுக்கு, ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எங்கள் பயணத்தில் இணைந்திருங்கள்’ என்று பதில் போனது. இரண்டு மூன்று தடவை இணைந்திருந்து பார்த்துவிட்டு அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பெங்களூரு அம்மாள் ஃபோன் செய்து, “வனஜா, கடையை யாருக்காவது வித்துட்டியா?” என்று கேட்டாள். “இல்லம்மா, வளக்கறாங்க” என்றாள் வனஜா.

மழை வந்தது. டிரையரும் வந்தது. கண்ணாடிக் கூண்டும் தகடுமாக, ஒரு மாட்டு வண்டி அளவுக்கு இருந்தது. வனஜா லோடு வேனுக்குச் சொல்லி வைத்துவிட்டுப் போனால், கிரேன் வைத்து அதைக் கல்லூரி மொட்டைமாடியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்லூரிச் சொத்து வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாதாம். அப்படியானால் மீனை இங்கே கொண்டு வருகிறேன் என்றாள். மீன் வளாகத்துக்குள்ளே வரக்கூடாதாம்.

“டிரையர் இங்க இருக்கு. மீன் அங்க இருக்கு” என்றார் கலைவேந்தன், இரண்டு கைகளையும் அகல விரித்து. “நடுவுல இருக்கே இந்த கேப், இதுக்குப் பேருதான் மேடம் இன்னொவேஷன். இந்த கேப்பை ஒரேயடியா மூடிட்டா எங்க சென்டருக்கு என்ன வேலை இருக்கு?”

குழு வந்து போனதும் டிரையரைக் குப்பத்துக்கு அனுப்பச் சிறப்பு அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்னார். அதுவரை சும்மா கிடக்க வேண்டாமே என்று, அவர் வீட்டு வெங்காய வடகம் அதில் காய்ந்தது. நன்றாகவே காய்ந்தது.

குழுவின் முன்னால் பேசுவதற்கு ஒத்திகை தொடங்கியது. சிக்கல் அங்கேதான் வந்தது.

“உங்க ஃபெயிலியர் ஸ்டோரி வேணும்” என்றார் அரிகரன். “விழணும், அப்புறம் எழுந்திரிக்கணும். நீங்க விழவே இல்லை. நேரா நடந்து வந்திருக்கீங்க. இதை எப்படி மேடையில சொல்றது?”

வனஜா வெகுநேரம் யோசித்தாள். “பத்தாவதுல கணக்குல ஃபெயிலு சார்.”

“பத்தாது. கமிட்டி அழணும்.”

“ஒரு வாட்டி வேலம்மா காலு வழுக்கி...”

“சாவு ஏதாவது இருக்கா மேடம், ஃபேமிலில?”

“மாமியா செத்துப் போனாங்க.”

“என்ன வயசு?”

“எண்பது கடந்திருக்கும்.”

அரிகரன் கையை ஆட்டி மாமியாரை நிராகரித்தார்.

அடுத்த ஒத்திகையில் திரை ஒளிர்ந்தது. அலை, அதன்மேல் ஒரு கவிழ்ந்த படகு. கீழே கொட்டை எழுத்தில்: ‘கணவரைக் கடல் கொண்டது. வனஜாவைக் காப்பகம் ஏற்றது.’

வனஜா எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். “மேடம், அவரு கீறாரு” என்றாள் சுகன்யாவிடம்.

“எங்க?” என்றார் அரிகரன்.

“வூட்ல சார்.”

“கமிட்டி உங்க வூட்டுக்கு வராது.”

“ஒரு கதைக்குத்தான் மேடம்” என்றாள் சுகன்யா, தணிந்த குரலில். “ரெண்டு நிமிஷம். அப்புறம் டிரையர் உங்களுது.”

வனஜாவுக்கு எழுந்து போய்விட வேண்டும் என்று இருந்தது. மூட்டை நாற்காலியிலிருந்து எழுவதற்கே யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. குப்பத்தில் ஈர நெத்திலி புழுத்துக்கொண்டிருந்தது. மூன்று பெண்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாததைச் சம்மதம் என்று சுகன்யா எடுத்துக்கொண்டாள்.

விளம்பரப் பிரிவு அந்தப் படத்தைப் பக்கத்தில் ஏற்றியது. நெத்திலி படத்துக்கு வராத கூட்டம் அதற்கு வந்தது. பூனை இல்லாதவர்கள்கூட அழுது எழுதினார்கள்.

இரண்டு நாள் கழித்து, அரியாங்குப்பத்திலிருந்து சம்மந்தத்தின் தாய்மாமன் கண்ணையன் வண்டியில் வந்து இறங்கினார். கையில் பாலிதீன் பை, அதற்குள் ரோஜா மாலை. வீட்டுக்குள்ளே நுழையும்போதே “அடேய் ராசா” என்று ஆரம்பித்தவர், சம்மந்தம் சோற்றுத் தட்டோடு நிமிர்ந்து பார்த்ததும் அப்படியே நின்றார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“இன்னா மாமா, கல்யாணத்துக்குப் போறியா?”

கண்ணையன் ஃபோனை எடுத்து நீட்டினார். சம்மந்தம் பார்த்தான். கை கழுவினான். வனஜாவைக் கூப்பிட்டான்.

“கடலுக்குப் போறவன் வூட்ல இத வெளையாட்டுக்குக்கூட வாயால சொல்ல மாட்டாங்கடி. நீ படம் வரைஞ்சி ஊருக்கே காட்டிக்கிற.”

“நான் எழுதலய்யா. அவங்க எழுதனாங்க.”

“நீ வேணாம்னியா?”

அவள் சோற்றுத் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

“கேக்கறேன்ல? வேணாம்னு சொன்னியா, இல்லியா?”

“டிரையர் தரேன்னாங்க...”

சம்மந்தம் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும். மறுநாள் அவன் கடலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. காற்று சரியில்லை என்றான். மற்ற படகுகள் எல்லாம் போய்த் திரும்பி வந்தன. வனஜா கரையில் நின்று காற்றைப் பார்த்தாள். காற்று எப்போதும்போலத்தான் இருந்தது.

குழு வரும் நாளன்று காலையில் சுகன்யா ஃபோன் செய்தாள். “மேடம், லைட் கலர் சாரி. பூ வேணாம். அப்புறம்... பொட்டு வெக்காம வந்தா நல்லாருக்கும்.”

வனஜா ஃபோனை வைத்துவிட்டு அரக்குச் சிவப்புப் புடவையை எடுத்துக் கட்டினாள். வேலம்மாள் வீட்டில் கனகாம்பரம் வாங்கித் தலை நிறைய வைத்தாள். ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்தாள். சம்மந்தம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

காப்பக வாசலில் அவளைப் பார்த்ததும் சுகன்யா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “மேடம், பொட்டு...”

“கீது.”

“அதை ரெண்டு நிமிஷம் மட்டும்...”

“அது அங்கதான் இருக்கும்” என்றாள் வனஜா. அவளைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் வயதானவர், முந்திரியை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார். கலைவேந்தன் பேசினார். கூரியர் கடையில் கண்டுபிடித்ததைச் சொன்னார். கடல் கொண்டதைச் சொன்னார். அந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். திரையில் படகு கவிழ்ந்தது. தலைவர் முந்திரித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, மைக்கின் முன்னால் நின்ற வனஜாவை இரக்கத்தோடு பார்த்தார்.

“எப்பம்மா நடந்தது?”

“நடக்கல சார்” என்றாள் வனஜா. “எம் புருசன் உயிரோட கீறாரு. காலைல கஞ்சி குடிச்சாரு. டிரையருக்கு ஆசப்பட்டு நான் வாய மூடிக்கினு இருந்தேன். இனிமே மூட மாட்டேன். அந்தப் படத்த எடுத்துடச் சொல்லுங்க.”

பீங்கான் பூனை கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அரிகரன் கண்ணை மூடிக்கொண்டார். நான்காவது தடவையாகத் தோற்றுவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் கலைவேந்தன் ஆறு வருடமாக ஒன்றுமில்லாத இடத்தை நடத்திக் காட்டியவர். மேடை ஏறி மைக்கை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

“சார், எங்கள் மையத்தின் தாக்கத்தை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? இங்கே சேரும்போது இவர் யார்? கணவரை இழந்தவர். இன்று? கணவரோடு வாழ்கிறார். ஆறே மாதத்தில்! மற்ற கல்லூரிகள் வேலை கொடுக்கின்றன, மறுக்கவில்லை. நாங்கள் குடும்பத்தையே திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.”

கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவர் பிரின்சிபால்.

“சார், அவரு சாவவே இல்ல...” என்று வனஜா சொன்னது கைதட்டலில் அமுங்கியது. தலைவர் பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம் குனிந்து, “இதை எந்தத் தலைப்பில் போடுவது?” என்று கேட்டார். “சமூகப் பங்களிப்பில் போடலாம்” என்றார் உறுப்பினர். தலைவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது.

டிரையரைக் கேட்டு வனஜா மறுவாரம் போனாள்.

“உங்க ஸ்டார்ட்அப் இப்ப கிராஜுவேட் ஆயிடுச்சு மேடம்” என்றார் கலைவேந்தன். “கிராஜுவேட் ஆனவங்களுக்கு நாங்க எதையும் குடுக்கக்கூடாது. குடுத்தா, அவங்க சொந்தக் கால்ல நிக்கலைன்னு ஆயிடும்.”

“எம் பக்கத்தயாவது குடுங்க சார்.”

பாஸ்வேர்டு வைத்திருந்த மாணவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டதாகச் சுகன்யா சொன்னாள். அவன் நம்பர் தெரியாதாம். அதைச் சொல்லும்போது அவள் வனஜாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வனஜா வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் கணவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் இறுகிய முகத்தோடு கேட்டுக்கொண்டே வந்தான். கலைவேந்தன் குடும்பத்தைத் திருப்பிக் கொடுத்த இடம் வந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

“எனக்கு உசுரு குடுத்தது அந்தாளா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு, “மைக்குல அப்படியே சொன்னியா, கஞ்சி குடிச்சாருன்னு?”

“சொன்னேன்.”

“எல்லார் முன்னாலயும்?”

“ஆமா.”

மறுநாள் அவன் கடலுக்குப் போனான். அவள் கரைவரைக்கும் கூடவே போனாள். வழக்கமாகப் போவதில்லை. படகைத் தள்ளும்போது ஒரு பக்கம் அவளும் கைவைத்தாள்.

புதிய பக்கம் ஒன்றை அதே பழைய பெயரில் தொடங்கினாள். பூனையைக் காயவைக்கிறாயா என்று திட்டுகிறவர்கள் மறுபடியும் முதலிலிருந்து வந்தார்கள். பெங்களூரு அம்மாள்தான் முதல் ஆர்டர் போட்டாள். தை பிறந்து வெயில் ஏறியதும் வேலம்மாளும் மற்ற இருவரும் வலையை விரித்தார்கள். பழைய வாடிக்கையில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. அவர்களுடைய பூனைகள் டப்பா உணவுக்குப் பழகிவிட்டன.

சித்திரையில் ஒரு நாள் வனஜா மூட்டையோடு வில்லியனூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். வாடைக்குப் பயந்து பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சேலியமேட்டில் ஏறிய ஓர் அம்மாள் மட்டும் கூச்சமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். மடியில் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் உறை. பெண்ணைக் காலேஜில் சேர்க்க விசாரிக்கப் போகிறாளாம்.

கல்லூரி மதில் வந்தது. மதில் நீளத்துக்கு பேனர். வெள்ளைவெளேரென்று ஒரு பெண், மூக்குக்கண்ணாடி போட்டு, லேப்டாப்பை அணைத்தபடி சிரித்தாள். ‘இங்கே சேர்ந்தேன், இழந்ததை மீட்டேன்! அட்மிஷன் நடைபெறுகிறது.’

“பாத்தியா, இந்தம்மா இங்கதான் படிச்சாங்களாம்” என்றாள் சேலியமேட்டுக்காரி. “பெரிய பிசினஸாம். வெளிநாடெல்லாம் அனுப்புறாங்களாம்.”

“அது நான்தான்க்கா.”

அவள் பேனரைப் பார்த்தாள். வனஜாவைப் பார்த்தாள். காலடியில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். “அதுல கண்ணாடி போட்டுக்கினு கீதே?”

“அவங்களா போட்டுட்டாங்க.”

“அப்ப நீ இங்க படிக்கலியா?”

“இல்ல. அவங்கதான் எங்கிட்ட வந்தாங்க.”

“வந்து இன்னா கத்துக்கிட்டாங்க?”

வனஜா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நியாயமாக ஏதாவது ஒன்றாவது சொல்ல வேண்டும் என்று, மூட்டை நாற்காலியிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் மனதில் தேடிப் பார்த்தாள். அவள் தேடி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தார். கல்லூரி நிறுத்தம் பின்னால் போய்விட்டது.

“அய்யய்யோ, நான் எறங்கணுமே!” என்று சேலியமேட்டுக்காரி எழுந்தாள்.

“குந்துக்கா” என்று வனஜா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “அடுத்த ஸ்டாப்புல ரெண்டு பேரும் எறங்கிக்கலாம். மூட்டைய ஒரு பக்கம் புடி. கூரியர் கடைக்குப் போற வரைக்கும் சொல்றேன்.”